கேட்கத் தெரிந்தவருக்கு ஒகேனக்கலில் வேலை இருக்கிறது

தர்மபுரி பக்கம் டூரிசம் படித்தவர், பிபிஏ முடித்தவர், புள்ளியியலில் டிகிரி வாங்கியவர் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்: ‘இங்க என்ன சார் இருக்கு, பெங்களூருக்குத்தான் போகணும்.’ அதே பெங்களூரில் இருந்து சனி, ஞாயிறானால் கார் காராக ஒகேனக்கலுக்கு ஆள் வந்து இறங்குகிறது. வந்தவர் ஏன் வந்தார்? எத்தனை மணி நேரம் இருந்தார்? எங்கே பணத்தைச் செலவழித்தார்? மறுபடி வருவாரா? லாட்ஜ் ஓனர் ஒன்று சொல்வார், பரிசல் ஓட்டுபவர் இன்னொன்று சொல்வார், மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்றுமே அனுமானம். எல்லோரும் அனுமானத்தில் பேசும் அறையில், நம்பக்கூடிய ஒரு எண்ணை எடுத்து வைப்பவரின் பேச்சுதான் எடுபடும். அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். அதற்கான கருவி விசிட்டர் சர்வே.

‘டிக்கெட் கணக்கு இருக்கிறதே, லாட்ஜ் ரெஜிஸ்டர் இருக்கிறதே, பிறகு சர்வே எதற்கு?’ என்று உங்கள் பாஸ் கேட்பார். கேட்டால் ஊட்டியைக் காட்டுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு போடப்பட்டது. இ-பாஸ் என்ன தரும்? எத்தனை வண்டி, எத்தனை பேர், எந்த ஊர். வந்தவர் எந்த இடத்தில் எரிச்சலானார், எதற்கு ஏமாந்தார், எந்தக் கடையில் நின்றார் என்பதை அது சொல்லாது. எண்ணுவது வேறு, கேட்பது வேறு. திட்டம் போட இரண்டும் வேண்டும். நம் ஊரில் இரண்டாவதைச் செய்ய ஆள் குறைவு. உங்களுக்கான இடம் அங்கேதான்.

இது புது வித்தையும் இல்லை. பிரிட்டன் 1961 முதல் பயணிகளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் தேசிய மாதிரி ஆய்வு, 2008-09இல் 65ஆம் சுற்றிலும் 2014-15இல் 72ஆம் சுற்றிலும் உள்நாட்டுச் சுற்றுலா சர்வே நடத்தியது. நாட்டின் வருமானத்தில் சுற்றுலாவின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் சாட்டிலைட் அக்கவுன்ட்டுக்கு இந்தச் சுற்றுகளின் டேட்டாவே அடிப்படை. ஆனால் தேசிய மாதிரி ஆய்வு வீடு வீடாகப் போய்க் கேட்கும் சர்வே. தேசத்துக்கும் மாநிலத்துக்கும் எண் கொடுக்கும். ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எத்தனை கழிப்பறை வேண்டும் என்று சொல்லாது. அதை அந்த இடத்திலேயே நின்று கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? வரிசையாகப் பார்ப்போம்.

1. கேள்வித்தாளுக்கு முன்னால் முடிவைக் கேளுங்கள்

சர்வே கேட்கும் அதிகாரியோ ரிசார்ட் மேனேஜரோ, அவரிடம் முதல் நாளே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘சார், இந்த எண் வந்தா நீங்க எதை மாத்துவீங்க?’ பதில் இருந்தால் அந்தக் கேள்வி தாளில் இருக்கலாம். ‘சும்மா தெரிஞ்சுக்கத்தான்’ என்றால் அடித்துவிடுங்கள். பார்க்கிங்கை ஊருக்கு வெளியே தள்ளலாமா, தொங்கு பாலத்துக்கு அந்தப் பக்கம் உடை மாற்றும் அறை போதுமா, வார நாளில் ரூம் வாடகையைக் குறைத்தால் ஆள் தங்குவாரா என்பவை முடிவுகள். ‘ஒகேனக்கல் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்பதில் எந்த முடிவும் இல்லை, அது கட்டுரைப் போட்டி. இந்த ஒரு பழக்கம் உங்களை டேட்டா கலெக்டர் என்ற இடத்தில் இருந்து ஆலோசகர் என்ற இடத்துக்கு நகர்த்தும். சம்பள வித்தியாசமும் அங்கேதான் தொடங்குகிறது.

2. யார் விசிட்டர்?

பென்னாகரத்தில் இருந்து தினமும் வந்து மீன் விற்பவர் விசிட்டர் இல்லை. ஊட்டமலைக்காரர் மாலையில் காற்று வாங்க வந்தால் அவரும் இல்லை. ஐ.நா.வின் 2008 பரிந்துரைகள் இதைத் தெளிவாக வரையறுக்கின்றன: தன் வழக்கமான புழக்கப் பகுதியை விட்டு, ஒரு வருடத்துக்கும் குறைவாக, போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நோக்கம் இல்லாமல் வந்தவர் விசிட்டர். அதில் ஒரு இரவாவது தங்கினால் டூரிஸ்ட், தங்காவிட்டால் ஒருநாள் பயணி. உங்கள் முதல் இரண்டு கேள்விகள் இதற்குத்தான். ஒகேனக்கலில் இந்தப் பிரிவினை உயிர்நாடி. காலையில் வந்து சாயங்காலம் கிளம்புபவருக்கும், ஹோட்டல் தமிழ்நாட்டில் ரூம் போட்டவருக்கும் தேவை வேறு, செலவு வேறு. இருவரையும் ஒரே சராசரியில் கலந்தால் அந்த எண் யாருக்கும் உதவாது.

3. உள்ளே சுற்றாதீர்கள், வெளியே போகும் வழியில் நில்லுங்கள்

மாணவர் ப்ராஜெக்ட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. அருவிப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், பூங்காவில் படுத்திருப்பவர், கண்ணில் பட்டவரிடம் எல்லாம் ஃபார்ம் நீட்டுவது. இதில் என்ன கோளாறு? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வருபவர்களில் பாதிப் பேர் ஆறு மணி நேரம் இருக்கும் குடும்பங்கள், பாதிப் பேர் இரண்டே மணி நேரத்தில் கிளம்பும் பைக் கூட்டம். உண்மையான சராசரி நான்கு மணி நேரம். நீங்கள் உள்ளே சுற்றிக்கொண்டே ஆள் பிடித்தால், ஆறு மணி நேரம் இருப்பவர் உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு மூன்று மடங்கு. உங்கள் சாம்பிளில் 75 சதவீதம் குடும்பங்களாகிவிடும், சராசரி ஐந்து மணி நேரம் என்று வரும். அதை நம்பி ஒருவர் லாட்ஜ் கட்டினால் பொறுப்பு யார்?

எக்ஸிட்டில் நின்றால் எல்லோரும் ஒரு முறைதான் உங்களைக் கடப்பார்கள். வாய்ப்பு சமமாகிறது. தவிர, முழு அனுபவமும் முடிந்திருக்கும், செலவுக் கணக்கும் முடிந்திருக்கும்.

ஆனால் ஒகேனக்கலுக்கு ஒரே எக்ஸிட் இல்லை. பென்னாகரம் சாலை ஒன்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஓசூர் போகும் சாலை இன்னொன்று. பஸ்ஸில் வந்தவர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். பென்னாகரம் ரோட்டில் மட்டும் நின்றால், அஞ்செட்டி வழியாக வந்து போகும் பெங்களூர், ஓசூர் ஆட்கள் உங்கள் கணக்கில் இருந்தே மறைந்துபோவார்கள். பஸ் ஸ்டாண்ட் ஆசை காட்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பொறுமையாகப் பதில் சொல்வார், உங்கள் டார்கெட் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். கிடைப்பது பஸ் பயணிகளின் கருத்து மட்டும். மூன்று இடத்திலும் ஆள் போடுங்கள். ஆள் இல்லாவிட்டால் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கார்க்காரர்களைப் பிடிக்க பார்க்கிங்தான் நல்ல இடம். ஓட்டுபவர் வண்டியை எடுக்கப் போயிருப்பார், மற்றவர்கள் ஈரத்துணிப் பையோடு நிழலில் நிற்பார்கள். அந்த நான்கு நிமிடம் உங்களுடையது.

4. ஆளை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது

சிரித்த முகம், தனியாக நிற்பவர், நம் வயதுப் பையன்: நம் கை தானாக அவர்களிடம்தான் போகும். அதனால் தேர்வை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதைக் கடக்கும் ஒவ்வொரு பத்தாவது குழுவையும் நிறுத்துங்கள். கூட்டம் அதிகமானால் இருபதாவது. மறுத்தவரையும் குறித்து வையுங்கள். நூறு பேரை நிறுத்தியதில் நாற்பது பேர் மறுத்தார்கள் என்பதும் ஒரு டேட்டா. அதை மறைத்து எழுதும் ரிப்போர்ட்டை விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

குழுவை நிறுத்திய பிறகு யாரைக் கேட்பது? நீங்கள் வாயைத் திறந்ததும் வீட்டு ஆண் முன்னால் வருவார். எல்லாருக்கும் சேர்த்து அவரே பதில் சொல்வார். ‘குளிக்கிற வசதியெல்லாம் எப்படி இருந்துச்சு?’ ‘சூப்பர்.’ அவருக்கு சூப்பர்தான். துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே உடை மாற்றிவிட்டார். பின்னால் ஈரச் சேலையோடு மறைவிடம் தேடி அலைந்த அவர் மனைவியைக் கேட்டால்தான் உடை மாற்றும் அறையின் கதை வெளியே வரும். அதனால் உலகமெங்கும் பயன்படுத்தும் எளிய தந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘உங்கள்ல கடைசியா யாருக்குப் பிறந்தநாள் வந்துச்சு?’ பதினெட்டு வயது தாண்டியவர்களில் அந்த நபர்தான் பதில் சொல்ல வேண்டும். கேள்வியே ஒரு விளையாட்டு மாதிரி இருப்பதால் குழுவும் சிரித்துவிடும். டீமில் பாதிப் பேர் பெண்களாக இருந்தால் இன்னும் நல்லது. இதைச் சமத்துவத்துக்காகச் சொல்லவில்லை, டேட்டாவின் தரத்துக்காகச் சொல்கிறேன்.

5. செய்ததைக் கேளுங்கள், ஆசையைக் கேட்காதீர்கள்

‘என்ன வசதி வேண்டும்?’ என்று கேட்டால் ரோப் கார், கண்ணாடிப் பாலம், வாட்டர் தீம் பார்க் என்று பட்டியல் நீளும். அவர் பணமா போகப் போகிறது? ‘இன்று என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். பரிசல் ஏறினீர்களா? எண்ணெய் மசாஜ்? மெயின் அருவியில் குளித்தீர்களா? முதலைப் பண்ணை? மீன் வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொன்னீர்களா, வறுவலாக வாங்கினீர்களா, வீட்டில் இருந்து புளிசாதம் கொண்டுவந்தீர்களா? கழிப்பறை தேடியபோது எங்கே போனீர்கள்? இதில் ஒவ்வொரு பதிலும் ஒரு திட்டத்துக்குப் பயன்படும்.

திருப்தியை அளக்க வேண்டும் என்றால், ஒரே விஷயத்தை இரண்டு முறை கேளுங்கள்: இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், இங்கே எப்படி இருந்தது. மார்ட்டில்லா, ஜேம்ஸ் இருவரும் 1977இல் எழுதிய முறை இது, இன்றைக்கும் ஓடுகிறது. நான்கு கட்டம் வரும். ‘முக்கியம், ஆனால் மோசம்’ என்ற கட்டத்தில் விழுவதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். பட்ஜெட் மீட்டிங்கில் இந்த ஒரு படம் பத்துப் பக்க அறிக்கையை விட அதிகம் பேசும்.

‘நல்லா இருக்கு’ என்ற பதிலை நம்பி எந்த ஊரிலும் யாரும் ஒரு கழிப்பறைகூடக் கட்டியதில்லை. நம் ஊர் மரியாதை அப்படி, முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். குறிப்பாக, பரிசல் துறையில் ஓட்டுபவர் பக்கத்தில் நிற்கும்போது கட்டணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கிருந்து நகர்ந்த பிறகு கேளுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். ‘அதிகமாகப் பணம் வாங்கினார்களா?’ என்பது குற்றச்சாட்டு. ‘போர்டில் எவ்வளவு போட்டிருந்தது, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்பது கேள்வி.

6. பணக் கேள்வி

‘மொத்தம் எவ்வளவு செலவாச்சு?’ என்று கேட்டால் ‘ஒரு மூவாயிரம்’ என்று உருண்டையான ஒரு தொகை வரும். நம்பாதீர்கள். பெட்ரோல், டோல், பார்க்கிங், பரிசல், மசாஜ், மீன், சாப்பாடு, ரூம், கடையில் வாங்கியது என்று பிரித்துக் கேட்டால் தொகை மாறும். ‘ஜிபே, போன்பே ஹிஸ்டரி பார்த்துச் சொல்லுங்க’ என்றால் இன்னும் துல்லியம் கூடும். போனை நீங்கள் வாங்கிப் பார்க்கக் கூடாது, அவரே பார்த்துச் சொல்லட்டும். கேஷாகக் கொடுத்ததைத் தனியாகக் கேளுங்கள்.

‘எங்கே செலவு செய்தீர்கள்?’ என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள். பெங்களூரில் போட்ட பெட்ரோலால் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு ரூபாய் லாபமில்லை. ஆற்றங்கரையில் அடுப்பு வைத்து மீன் குழம்பு வைத்துத் தரும் பெண்ணிடம் கொடுத்த பணம் ஊட்டமலையிலேயே தங்குகிறது. மாவட்டத்துக்குள் நின்ற பணம் எவ்வளவு என்று நீங்கள் பிரித்துக் காட்டினால் கலெக்டர் ஆபீஸில் உங்கள் பெயரைக் கேட்பார்கள்.

7. தடை நாட்களைத் தவற விடாதீர்கள்

ஒகேனக்கலை மற்ற தலங்களில் இருந்து வேறுபடுத்துவது ஆறு. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்தால் தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி இங்கேதான் வருகிறது. மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கும் கன அடிக் கணக்கு தினமும் செய்தியில் வரும். வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் சில நாள் பரிசலுக்கு மட்டும், சில நாள் குளிக்கவும் சேர்த்துத் தடை போடும். 2018, 2022, 2024 வெள்ளங்களில் வரத்து லட்சம் கன அடியைத் தாண்டியது. கோடையில் அதே ஆறு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப்போய்க் கிடக்கும். வெள்ளத்தில் வந்தவரும் கோடையில் வந்தவரும் பார்த்தது ஒரே ஊரை இல்லை.

பெரும்பாலான சர்வே டீம் என்ன செய்யும்? தடை என்றதும் லீவு போட்டுவிடும். நீங்கள் அன்றைக்குத்தான் போக வேண்டும். இரண்டு காரணம்.

தடை நாளிலும் ஆள் வருகிறது. குடும்பத்தோடு நூற்றைம்பது கிலோமீட்டர் வந்து, போலீஸ் கயிறு கட்டிய இடத்தில் நின்று, நுங்கும் நுரையுமாக ஓடும் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: ‘தடை இருக்குன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது? கிளம்புறதுக்கு முன்னாடியா, வழியிலயா, இங்க வந்த பிறகா?’ இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் நேரடியாகத் திட்டமாகும். ‘இங்கே வந்த பிறகு’ என்பவர்கள் அதிகம் என்றால் பிரச்சினை அறிவிப்பில் இருக்கிறது. அவர்கள் எந்த ஊர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தகவல் பலகையை கிருஷ்ணகிரியில் வைப்பதா, தொப்பூரில் வைப்பதா, கன்னடத்தில் வைப்பதா என்று சொல்லிவிடலாம். ஏமாந்து திரும்புகிறவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்றும் கேளுங்கள். நேராக வீட்டுக்கா, மேட்டூருக்கா? அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா? தீர்த்தமலை? வத்தல்மலை? பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம்? நான்கு போட்டோவைக் காட்டி ‘இதில் எது தெரியும்?’ என்று கேட்டாலே போதும். மாவட்டத்தின் மற்ற தலங்களுக்குக் கூட்டத்தைத் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

இரண்டாவது காரணம் டெக்னிக்கல். உங்கள் டேட்டா ஷீட்டில் ஒரு நெடுவரிசை கூடுதலாகப் போடுங்கள்: அன்றைய பிலிகுண்டுலு வரத்து எத்தனை கன அடி. ஒவ்வொரு பேட்டிக்கும் அந்த எண் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர்வரத்துக்கும் செலவுக்கும், நீர்வரத்துக்கும் திருப்திக்கும் உள்ள தொடர்பை நீங்கள் படம் போட்டுக் காட்டலாம். பைசா செலவில்லாத வேலை. இன்டர்வியூவில் இதை ஒரு முறை சொல்லிப் பாருங்கள், பேனலில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

8. நாள் தேர்வும் எடையும்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் ஞாயிறு கூட்டம்தான் தெரியும். வார நாள், வார இறுதி, ஏப்ரல்–மே விடுமுறை, ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வருபவர்கள், மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். தர்ப்பணத்துக்கு வந்தவரிடம் போய் ‘பொழுதுபோக்கு எப்படி?’ என்று கேட்டு அடி வாங்காதீர்கள்.

பிறகு எடை போட வேண்டும். உதாரணமாக, வார நாளில் 200 பேர், வார இறுதியில் 200 பேர் கேட்டீர்கள். வார நாளில் 40 சதவீதம் பேர் ராத்திரி தங்கினார்கள், வார இறுதியில் 10 சதவீதம். சும்மா கூட்டி வகுத்தால் 25 சதவீதம். ஆனால் நிஜக் கூட்டம் வார இறுதியில் நான்கு மடங்கு என்றால் சரியான விடை 16 சதவீதம். இந்த ஒரு கணக்கை எக்ஸெல்லில் போடத் தெரியாதவர்தான் உங்கள் போட்டியாளர். சந்தோஷப்படுங்கள்.

சாம்பிள் எவ்வளவு? முறையாகத் தேர்ந்தெடுத்த 400 பேர் இருந்தால் ஒரு சதவீதக் கணக்கில் ஐந்து பாயின்ட் மேலே கீழே தவறு வரலாம். அந்தத் தவறைப் பாதியாக்க 800 போதாது, 1,600 வேண்டும். ‘பத்தாயிரம் பேரிடம் எடுத்தோம்’ என்று பெருமையடிப்பவர் எங்கே நின்று எடுத்தார் என்று கேளுங்கள்.

9. டீக்கடையில் ஃபார்ம் நிரப்பாதீர்கள்

நிரப்புகிறார்கள், எல்லாருக்கும் தெரியும். இப்போது மாட்டிக்கொள்வதும் சுலபம். கோபோ டூல்பாக்ஸ் போன்ற ஆப்கள் பேட்டி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஜிபிஎஸ் இடம் எல்லாவற்றையும் பதிவு செய்யும். நான்கு நிமிடப் பேட்டி எழுபது நொடியில் முடிந்தால், எல்லாப் பதிலும் ‘4’ என்று வரிசையாக இருந்தால், சூப்பர்வைசருக்குப் புரிந்துவிடும். ஃபீல்டு ரிசர்ச் உலகம் சின்னது. ஒரு முறை பொய் டேட்டா கொடுத்தவர் என்ற பெயர் வந்தால், சேலத்திலும் கோவையிலும் அதே பெயர்தான். நெட்வொர்க் சரியாகக் கிடைக்காத காட்டுப் பகுதி என்பதால், ஆஃப்லைனில் சேமித்துப் பிறகு அனுப்பும் ஆப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஃபார்ம்ஸ் மட்டும் நம்பிப் போனால் பாதி நாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

போன் நம்பர், பெயர் வாங்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தேவையில்லாத தகவலைச் சேர்த்து வைப்பது உங்கள் தலையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளும் வம்பு. அனுமதியும் முதலிலேயே வாங்குங்கள். மாவட்ட சுற்றுலா அலுவலகம் வழியாகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கடிதம், உள்ளாட்சிக்கு ஒரு நகல். சுற்றிலும் காடு, 2022இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டுவிட்டது. வனத்துறைக்கும் ஒரு நகல் போனால் ரேஞ்சர் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்.

10. முதல் பத்து நொடி

ஐடி கார்டு கழுத்தில் தெரிய வேண்டும். நல்ல சட்டை, ஷூ, குடை. கையில் நோட்டீஸ் மாதிரி எதுவும் இருக்கக் கூடாது, மசாஜுக்கும் ரூமுக்கும் ஆள் பிடிப்பவர் என்று நினைத்து விலகிவிடுவார்கள். ‘அக்கா, வணக்கம். காலேஜ்ல இருந்து வர்றோம். விக்கிறதுக்கு எதுவும் இல்ல. ஊருக்கு என்ன வசதி செய்யணும்னு கேக்குறோம், நாலே நிமிஷம்.’ இவ்வளவுதான். ‘விக்கிறதுக்கு எதுவும் இல்ல’ என்பது முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும்.

மொழியில் தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கிறது, பலர் அதை ரெஸ்யூமில் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள் நிறைய. ஒகேனக்கலில் தமிழில் மட்டும் கேட்டால் பாதிச் சந்தையை விட்டுவிடுகிறீர்கள். சென்னையில் இருந்து வரும் ரிசர்ச் கம்பெனி கன்னடம் பேசும் ஃபீல்டு ஆளைத் தேடி அலையும். ‘தமிழ், கன்னடம், தெலுங்கில் நேர்முகப் பேட்டி எடுப்பேன்’ என்று ரெஸ்யூமின் முதல் வரியில் போடுங்கள்.

இனி, இதை எப்படிக் காசாக்குவது என்பதற்கு வருவோம்.

மாணவராக இருந்தால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை வீணாக்காதீர்கள். ‘ஒரு ஆய்வு’ என்று முடியும் தலைப்பு வேண்டாம். ஒரே கேள்வி, ஒரே இடம். ‘தடை நாளில் வருபவர்களுக்குத் தகவல் எங்கே கிடைத்தது’ என்பது போதும். வைவா முடிந்த மறுநாள் அதைப் பைண்டிங்கோடு பரணில் போடாமல், ஒரு பக்கமாகச் சுருக்கி மாவட்ட சுற்றுலா அலுவலரிடம் நேரில் கொடுங்கள். அந்த ஒரு பக்கத்தில் மேலே மூன்று எண், நடுவில் ஒரு படம், கீழே ‘செய்யலாம்’ என்று இரண்டு வரி. எத்தனை பேரைக் கேட்டீர்கள், எந்தத் தேதிகளில், எங்கே நின்று, எத்தனை பேர் மறுத்தார்கள் என்பது சின்ன எழுத்தில். முப்பது பேருக்குக் குறைவான பிரிவுக்குச் சதவீதம் போடாதீர்கள். ‘மூன்று வெளிநாட்டவரில் 67 சதவீதம்’ என்று ஒரு ரிப்போர்ட்டில் படித்தேன். அதோடு அந்த ரிப்போர்ட்டை மூடிவிட்டேன்.

லாட்ஜிலோ ரிசார்ட்டிலோ ஃப்ரன்ட் ஆபீஸ் வேலையில் இருக்கிறீர்களா? செக்-அவுட் நேரத்தில் மூன்று கேள்வி கேட்க யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை, மேனேஜரிடம் ஒரு வார்த்தை போதும். எங்கிருந்து வந்தீர்கள், எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இன்னொரு இரவு தங்காததற்கு என்ன காரணம். மூன்றாவது கேள்விதான் தங்கம். மூன்று மாதம் குறித்து வைத்து, ‘சார், வார நாளில் தங்குறவங்க கூகுள் மேப்ஸ் பார்த்து வர்றாங்க, வார இறுதியில வர்றவங்க தெரிஞ்சவங்க சொல்லி வர்றாங்க’ என்கிற மாதிரி ஒரு வரி உங்களால் டேட்டாவோடு சொல்ல முடிந்தால், சம்பள உயர்வு கேட்கும் பேச்சை நீங்களே தொடங்கலாம். பக்கத்தில் நிற்பவர் பத்து வருட சீனியராக இருந்தாலும் அவரிடம் இந்த வரி இல்லை.

அரசு வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கும் இதே திறமை செல்லும். டிஎன்பிஎஸ்சி வழியாகப் புள்ளியியல் பணிகள் இருக்கின்றன, எஸ்எஸ்சி சிஜிஎல் வழியாக ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பணி இருக்கிறது. சாம்பிளிங் தியரியைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்பவருக்கும், பார்க்கிங்கில் நின்று செய்து பார்த்தவருக்கும் விடைத்தாளிலேயே வித்தியாசம் தெரியும். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களும் இதைக் கவனியுங்கள், களத்தில் டேட்டா எடுத்து முடிவு சொன்ன அனுபவம் அங்கே எடுபடும்.

சாஃப்ட்வேர் பற்றிக் கவலைப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எக்ஸெல்லில் பிவட் டேபிள் சுத்தமாக வந்தால் முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். பிறகு பவர் பிஐ, அதற்கும் பிறகு ஆர் (R). மூன்றையும் ஒரே கோடையில் கற்றுக்கொள்கிறேன் என்பவர் மூன்றிலும் இன்ஸ்டால் செய்வதோடு நின்றுவிடுகிறார்.

ரேட் பேசும்போது பேட்டிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். ஒரு பேட்டிக்கு இத்தனை ரூபாய் என்றால் நீங்கள் கூலி. கேள்வித்தாள் வடிவமைப்பு, பைலட் என்கிற முன்னோட்ட சர்வே, ஃபீல்டு, எடை போட்ட டேபிள்கள், ஒரு பக்க ரிப்போர்ட் என்று ஐந்தாகப் பிரித்துக் கொட்டேஷன் கொடுங்கள். பேரத்தில் பேட்டி எண்ணிக்கையைக் குறைக்கலாம், பைலட்டைக் குறைக்க விடாதீர்கள். முப்பது பேரிடம் பைலட் எடுக்காத கேள்வித்தாள் ஃபீல்டில் கட்டாயம் ஒரு இடத்தில் உடையும்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் அரசு விழா நடக்கும், கூட்டம் அலைமோதும். அந்த நேரத்தில் முதல் சர்வேயைத் தொடங்க நினைக்காதீர்கள். ஜூன் மாதத்திலேயே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய் பைலட்டை முடித்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தை அதற்கும் ஒரு மாதம் முன்னால் கொடுங்கள், ஃபைல் நகர நாளாகும்.